மாவு வீட்டைவிட்டுப் போன வழி

அன்புள்ள கண்ணு,

டொராண்டோவில் மாவுப் பாக்கெட் வாங்கினாய் என்பதற்காக உன் அம்மா, "எங்க காலத்துல எல்லாம் வீட்டுலதான்" என்று கோபித்துக்கொண்டாளாம். அவள் சொன்னதில் பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன்.

உன் அம்மாயி வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் நம் ஊர்ப்பக்கம் இட்லி தினமும் சுடுகிற பண்டமே கிடையாது. தீபாவளிக்குச் சுடுவார்கள், விருந்தாளி வந்தால் சுடுவார்கள். மற்ற நாளெல்லாம் கம்பஞ்சோறு, ராகிக் களி, பழைய சோறு. காரணம் ஆட்டாங்கல். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, உளுந்து பொங்கி வரவே வெகுநேரம் ஆகும். அப்புறம் அரிசி. கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டி முடித்து என் அம்மா எழுந்திருக்கும்போது தோள் இறங்கியிருக்கும். ஆண்கள் யாரும் அந்தக் குழவியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

1955-இல் கோயம்புத்தூர் சபாபதி மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் கோயம்புத்தூர் மோட்டாரும் சேர்ந்து அது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. ஓட்டலிலும் வாடகைக்கு மாவு ஆட்டித் தரும் கடையிலும் ஓடிய கிரைண்டர் மெல்ல வீட்டுக்குள் வந்தது. 2011-இல் தமிழ்நாட்டு அரசே மிக்ஸி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. உன் அம்மா பாரம்பரியம் என்று நினைக்கிற தினசரி இட்லி அந்த இயந்திரம் பெற்ற பிள்ளை.

ஆனால் ஊறப்போடுவதும், ஆட்டுவதும், கல்லைக் கழுவுவதும் அதே பெண்ணின் தலையில்தான் இருந்தன. அவள் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பியபோதும் வீட்டில் யாரும் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது தெருமுனை மாவுக்கடை. 2005-இல் பெங்களூரில் ஐடி ஃப்ரெஷ் என்ற நிறுவனம் பாக்கெட் மாவோடு தொடங்கியது; இன்று அதுபோல எத்தனையோ. புளித்த மாவுக்கு உயிர் உண்டு, வெளியே வைத்தால் பை உப்பிவிடும். குளிர்சாதனப் பெட்டி வீட்டுக்கு வீடு வந்த பிறகே இந்த வியாபாரம் நிலைத்தது.

ஆகவே பாக்கெட் வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருத்தம் வேறு. எந்த உளுந்து எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மழைநாளில் மாவு எப்போது பொங்கும் என்பதெல்லாம் என் அம்மாவின் விரல்களுக்குத் தெரியும். அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. அந்த அறிவு எங்கள் தலைமுறையோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

வேலை நாளில் தயங்காமல் பாக்கெட் வாங்கு. சனிக்கிழமை மட்டும் நீங்களே ஆட்டுங்கள். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். அரிசியும் உளுந்தும் தனித்தனியே நாலு மணிநேரம் ஊறட்டும். உளுந்தை முதலில், குளிர்ந்த நீர் தெளித்துத் தெளித்து ஆட்டு. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். பிறகு அரிசியை ஆட்டி, இரண்டையும் சேர்த்து உப்புப் போட்டுக் கையால் கல. மாவைப் பொங்கவைக்கும் லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் உளுந்தோடேயே வருகிறது, தனியாக ஈஸ்ட் வேண்டாம். அங்கே பனிக்காலத்தில் அதற்குச் சூடு போதாது. ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வை. பொங்கி வழியும், கீழே தட்டு ஒன்று இருக்கட்டும்.

ஊறப்போடுவது நீ என்றால் ஆட்டுவதும் கல் கழுவுவதும் மாப்பிள்ளை. இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்.

கிரைண்டர் அனுப்பச் சொல்லியிருந்தாய். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120; இங்கே வாங்கியது அங்கே சரியாக ஓடாது. அந்த மின்சாரத்துக்கென்றே கோயம்புத்தூரில் செய்தவை அங்குள்ள இந்தியக் கடைகளில் கிடைக்கும். இரண்டு லிட்டர் போதும், வாங்கிக்கொள். பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா