காஞ்சியை விட்டு வந்த கடவுள்

ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் மலையுச்சிக்குச் சென்றிருந்தோம். மே மாத விழா. வரம் கேட்கவா? இல்லை, வந்திருந்த மக்களைக் காண! 5,326 அடி உயரத்தில் ஒரு குகை; உள்ளே சேர்வராயன், அருகே காவிரி அம்மன். அக்குகை காவிரியாறு வரை நீள்கிறதாம்! உடன் வந்த இளைஞர் சிரித்தார். நாமும் சிரித்தோம், மறைப்பானேன்?

அருகிலிருந்த மலையாளி மூதாட்டி சினக்கவில்லை. (மலையாளி என்றால் ஈண்டு கேரளத்தாரல்லர், மலைவாழ் தமிழ்ப் பழங்குடியினர்.) "எங்க பாட்டன் நடந்து வந்த கதையைக் கேட்டுட்டுச் சிரி, தம்பி" என்றார்.

காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் கரிராமன் கிளம்பிவிட்டாராம். ஆகமமும் ஆசாரமும் நிறைந்த அந்நகரில் ஆண்டவனுக்கே மூச்சு முட்டிற்றோ, என்னவோ! பின்தொடர்ந்தனர் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். மூத்தவர் இம்மலைக்கு, அடுத்தவர் பச்சைமலைக்கு, இளையவர் மஞ்சவாடிக்கு. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலிலும் இக்கதை உண்டு. வேறொரு வடிவத்தில், வந்தவர்கள் கைக்கோளர், வேடர், பள்ளர் குலப் பெண்களை மணந்தனராம். சாதி காக்கும் சனாதனி இட்டுக்கட்டும் கதையா இது?

கடவுள் நடந்ததைத் தள்ளுவோம். மனிதர் நடந்ததை?

கடல் கடந்த செய்தியொன்றை இளைஞரிடம் கூறினோம். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குத் தரனாக்கி மலை மூதாதை. காதற்போரில் தோற்று, அம்மலையே மேற்கு நோக்கி நடந்து வந்தது என்பர். 1770இல் குக் அதற்கு எக்மண்ட் என்று பெயர் சூட்டினார். 1865இல் வெள்ளை அரசு நிலத்தைப் பறித்தது. 2025 சனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றம் மலையைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்று, பழம்பெயரையும் மீட்டளித்தது. மலை நடந்ததென நம்பியா உறுப்பினர்கள் வாக்களித்தனர்? மக்கள் அங்கே வாழ்ந்திருந்ததை ஒப்பினர்!

இங்கோ, 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின. துரைமார்களிடம் பத்திரம் இருந்தது. கோயிலுக்கு விட்ட நிலத்துக்குக் கல்வெட்டு உண்டு. காடு திருத்திக் கேழ்வரகு விதைத்தவனுக்கு ஏது? அவனிடம் இருந்தது கதை.

அக்கதைக்கும் இன்று விலையுண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2008இல் வந்த விதிகளில், மூத்தோர் வாய்மொழியை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று.

இளைஞர் குறிப்பேட்டை எடுத்தார்.

"எழுதி என்ன செய்வே, தம்பி?"

"கிராம சபையிலே கொடுக்கலாம், பாட்டி. உங்க பாட்டன் முதல்லே எந்தக் காட்டைத் திருத்தினார்?"

மூதாட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, மறுபடியும் காஞ்சியிலிருந்தே தொடங்கினார், சற்று மெதுவாக.