கேட்க ஒரு காது

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு முதலில் வேண்டியது, பொறுமையாகக் கேட்க ஒரு ஆள். புதுச்சேரியின் காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில் அதற்குத்தான் பஞ்சம். அப்பா சேதராப்பட்டிலோ திருபுவனையிலோ கம்பெனி ஷிப்ட்டில் இருப்பார். கழனி வேலை முடித்து வந்த அம்மாவுக்கு அடுப்படி காத்திருக்கும். மிஞ்சுவது பள்ளிக்கூடம். அங்கேயும் 40 நிமிட வகுப்பில் 30 பிள்ளைகள் வரிசையாக எழுந்து படித்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. அதே பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்தால் ஒரே சமயத்தில் 15 பேர் படிக்கலாம். ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் கிடைக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படிப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ‘கொக்கு’ என்பதை மூன்றாம் வகுப்புப் பையன் ‘காக்கு’ என்றான். கால் கண்ணில் பட்டது, கொம்பு படவில்லை. பக்கத்திலிருந்த நான்காம் வகுப்புச் சிறுமி, “டேய், முன்னாடி கொம்பு இருக்கு பாரு” என்று விரல் வைத்துக் காட்டினாள். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். அதன் ஒலியோ பின்னால் வரும். போன வருடம் அவளும் அங்கே தடுக்கியவள்தான். அதனால் அவன் எங்கே நிற்கிறான் என்பது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ‘ஓடிக்கொண்டிருந்தன’ வந்ததும் அவன் மறுபடி திணறினான். அவள் ஓடி, கொண்டு, இருந்தன என்று பிரித்துக் காட்ட, “ஓ, ஓடிக்கிட்டு இருந்துச்சுங்களா!” என்றான். தனக்குத் தெரிந்த பேச்சுதான் புத்தகத்திலும் இருக்கிறது என்று அந்த வரியில் அவனுக்கு விளங்கியது.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சின்னவர்களுக்குப் பாடம் சொல்ல மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பை எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூல் வழியாக அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது.

ஆனால் சட்டாம்பிள்ளை மேலே நின்று பாடம் கேட்பவர். ஜோடி வாசிப்பில் இருவரும் ஒரே பாயில், ஒரே புத்தகத்தின் முன்னால் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகப் பேராசிரியர் கீத் டாப்பிங் பல ஆண்டுகள் ஆராய்ந்து வளர்த்த முறை மிக எளிது. முதலில் இருவரும் சேர்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும். தைரியம் வந்ததும் சின்னவன் சைகை காட்டுவான். பெரியவள் குரலை நிறுத்திக்கொள்வாள். அவன் தப்பாகப் படித்தால் நாலைந்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, சரியான சொல்லைச் சொல்லி, மறுபடி சேர்ந்து படிக்க வேண்டும். சரியாகப் படித்தால் பாராட்ட வேண்டும். திட்டுக்கு அங்கே இடமில்லை.

அந்த நாலைந்து நொடிதான் இதன் உயிர். வகுப்பே பார்க்கத் திணறும் பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு தோழியின் முன்னால் அதே பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். சொல்லிக்கொடுப்பவளுக்கும் லாபம் உண்டு: அடுத்தவரின் தடுமாற்றத்தைக் கவனிக்கிறவள், தான் ஓட்டமாகக் கடந்துபோன வரியை நின்று படிக்கிறாள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆங்கிலப் பாடநூல் பிள்ளைகளை மிரட்டுகிற இந்தக் காலத்தில், தாய்மொழியில் தங்குதடையின்றிப் படிக்கத் தெரிவதே அவர்களுக்குப் பெரிய பலம். ஜோடி வாசிப்புக்குக் கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். பீரோவில் பூட்டிக் கிடக்கும் கதைப் புத்தகங்களை வெளியே எடுத்து, தினமும் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்கினால் போதும். ஆசிரியர் ஜோடிகளுக்கு நடுவே நடந்து கேட்கட்டும். யார் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று எந்தப் பரீட்சையையும்விடத் தெளிவாக அவருக்கே தெரிந்துவிடும்.