சிலுவை மரமும் தண்ணீரும்

ஆண்டி வியர் என்னும் அமெரிக்கர் 2011இல் வெளியிட்ட 'தி மார்ஷியன்' நாவலை வாசித்தேன். புயலில் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, செவ்வாய்க் கோளில் தனித்து விடப்படுகிறார் மார்க் வாட்னி. உருளைக்கிழங்கு பயிரிடத் தண்ணீர் தேவை. எரிபொருளிலிருந்து பிரித்த ஹைட்ரஜனை எரித்தால் அது கிடைக்கும். தீ மூட்டுவதற்கோ, தோழர் மார்டினெஸ் விட்டுச்சென்ற மரச்சிலுவையைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அதைச் சீவி எரிக்கிறார்.

என் குருத்துவ உள்ளம் துணுக்குற்றது, நூலை மூடிவிட்டேன். பின்னரே சிந்தித்தேன்: பிறர் வாழத் தம்மையே கையளித்தவரின் அடையாளமன்றோ அது? அச்சிலுவை ஓர் உயிருக்குத் தண்ணீராயிற்று. பீடத்துச் சிலுவையை நாள்தோறும் பேணும் நானோ, பேச்சுத்துணை தேடி வந்த முதியவரை, பூசைக்கு நேரமாயிற்றென்று சென்ற வாரம் திருப்பி அனுப்பியவன். நாளை அவர் இல்லம் செல்வேன்.