காத்து இழுக்குது

பழைய மாமல்லபுரம் சாலையோர அடுக்ககம் ஒன்றின் நீச்சல் குளம். சித்திரை வெயில். குளத்தில் சில நாளாகத் தண்ணீர் சுற்றவில்லை. ஓரமெல்லாம் பாசி வழுக்குகிறது. மேலே வேப்பம்பூ மிதக்கிறது.

குளத்தைவிடச் சற்று உயரமான மேடையில், தகரக் கூரைக்கடியில் பம்பு. மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். கொண்டுவந்த பையைத் திறக்கவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுக்கிறார்.

"மோட்டாரையே மாத்தணும்னு சொல்றாங்க" என்கிறார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"கண்டென்சர் போயிருந்தா உறுமிக்கிட்டே நிக்கும் சார், சுத்தாது. பேரிங் போயிருந்தா கத்தும். இது சுத்துது. தண்ணிதான் வரல."

மணல் ஃபில்டரின் தலையிலிருக்கும் பிரஷர் கேஜைப் பார்க்கிறார். ஃபில்டர் அடைத்திருந்தால் முள் ஏறும். இங்கே முள் அடியிலேயே துடிக்கிறது. அப்படியானால் கோளாறு பம்புக்கு முன்னால், குளத்திலிருந்து வரும் குழாய்ப் பக்கம். ஒரு முள்ளை வைத்தே பாதி இடத்தை விலக்கிவிட்டார்.

மெயினை அணைத்து, உதவிப் பையனை அதன் பக்கத்திலேயே நிறுத்துகிறார். பம்பின் மூடியைத் திருகி எடுத்தால், உள்ளே வடிகட்டும் கூடை. வேப்பம்பூ, தலைமுடி, அறுந்த ரப்பர் பேண்டு. கழுவிப் போட்டு, வாளித் தண்ணீரை ஊற்றி நிரப்பி மூடி, மறுபடி ஓட விடுகிறார். கண்ணாடி போன்ற மூடிக்குள் தண்ணீர் பாதிதான் நிற்கிறது, நுரைத்துக்கொண்டு.

"காத்து இழுக்குது."

பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது தனக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. வெளியிலுள்ள காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுவருகிறது. வழியில் ஓட்டை இருந்தால் காற்றே முந்திக்கொள்ளும், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் ஏறாதது போல. பம்பு ஓடும்போது அந்த ஓட்டையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே வராது. அதனால்தான் இது எளிதில் கண்ணில் படுவதில்லை. பழி மோட்டார் மேல் விழுகிறது.

முதலில் குளத்து நீர்மட்டம். மேல்நீரை உள்ளிழுக்கும் ஸ்கிம்மரின் வாயில் பாதி வரை இருக்கிறது. காற்று அந்த வழியாக வரவில்லை. அடுத்து சோப்பு நுரை. குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தடவுகிறார். நுரை அசையவில்லை. மூடியின் விளிம்பில் தடவுகிறார். ஓரிடத்தில் நுரை குழிந்து உள்ளே போகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் அந்தக் குழியில்தான்.

நிறுத்தி, மூடியைக் கழற்றி, கறுப்பு ஓ-ரிங்கை விரலால் நெம்பி எடுக்கிறார். ஊதிப்போய், காடியில் உட்காராமல் பிதுங்கி நிற்கிறது. முகர்ந்து பார்க்கிறார்.

"வண்டி கிரீஸ் தடவியிருக்காங்க. இந்த ரப்பருக்கு அது ஆகாது, ஊதிடும். சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்."

இப்போதுதான் பை திறக்கிறது. காடியைத் துணியால் சுற்றித் துடைக்கிறார்; ஒரு மணல் துகள் இருந்தாலும் மறுபடி காற்று நுழையுமாம். புது ரிங்கைக் கையாலேயே அழுத்தி உட்காரவைக்கிறார். விலை குறைந்த இந்தச் சாமானுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமை, என்னை அங்கேயே நிற்கவைத்தது. கை பழகிய வேலையை இவ்வளவு கவனமாகச் செய்பவர்களால்தான் நம் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் ஓடுகிறது.

மறுபடி வாளித் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, சுவிட்ச். நுரை அடங்குகிறது, மூடிக்குள் தண்ணீர் தெளிந்து நிறைகிறது. குளத்தோரம் நிற்கும் பிள்ளைகள் கத்துகிறார்கள்: "அங்கிள், தண்ணி வருது!"

"இன்னிக்கு இறங்கக் கூடாது கண்ணு. ராத்திரி பூரா ஓடட்டும். குளோரின் பாத்துட்டுச் சொல்றேன்."

பிறகு பம்பை நிறுத்தி, வால்வைத் திருப்பிப் பேக்வாஷ் செய்கிறார், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு ஃபில்டர் மணலைக் கழுவுகிறார். கண்ணாடிக் குமிழில் டிகாக்‌ஷன் நிறத் தண்ணீர் ஓடி வெளுக்கிறது. வால்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஓடவிட்டதும் முள் 10 பவுண்டில் நிற்கிறது. சாக்பீஸ் எடுத்துச் சுவரில் 'சுத்தம் – 10' என்று எழுதுகிறார்.

"தம்பி, இது 18, 20-க்குப் போனா பேக்வாஷ் பண்ணு. கீழ இறங்கினா முதல்ல கூடையைப் பாரு, அப்புறம் இந்த ரிங்கு. மோட்டார்ல கை வைக்கறது கடைசிலதான்."