இது ஹெச்.ஆருக்குப் போகுமா?

நான் தமிழ் நடத்துகிறவள். பகுதி ஒன்று தமிழுக்கு எல்லாத் துறைப் பிள்ளைகளும் வருவதால், எந்தத் துறையில் யார் சேர்கிறார்கள் என்பது கண்ணில் படும். உளவியலில் ஆண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறுதல் சொல்வது பெண்ணின் குணம் என்று வீட்டில் நம்புகிறார்கள். குணத்துக்கு யார் நல்ல சம்பளம் கொடுப்பார்கள்?

இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் என்று 2023இல் நாடாளுமன்றக் குழு சொன்னது. குறைந்தது 3 பேர் வேண்டுமாம். 'மருத்துவ உளவியலாளர்' என்று பெயர்ப்பலகை வைக்க இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். எம்.ஏ. முடித்த எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார்கள், ஆளெடுப்பில் தேர்வுத்தாள் திருத்துகிறார்கள், 'கவுன்சலர்' ஆகிறார்கள்.

அப்படி ஒருத்தி ஒரகடத்தில் ஒரு ஆலையில் இருக்கிறாள். அவளிடம் வரும் பெண்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. விடுதி, கம்பெனி பஸ், லைன், மறுபடி விடுதி. 'மன அழுத்தம்' என்றெல்லாம் அவர்கள் சொல்வதில்லை. தூக்கம் வரல, சோறு எறங்கல, நாள் தள்ளிப்போகுது என்பார்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்: "அக்கா, இது ஹெச்.ஆருக்குப் போகுமா?"

போகும். அவளே ஹெச்.ஆருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறாள். மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எந்த லைன், என்ன பிரச்சினை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்பார்கள். லைனையும் ஷிப்டையும் எழுதினால் பெயர் எதற்கு? 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமை என்கிறது. ஆனால் வந்தவள் நோயாளி இல்லை, ஊழியர்தானே என்று நிர்வாகம் சொல்லிவிட முடியும்.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பயம் பலரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பயத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தரவா முடியும்? அவர்களுக்குத் தேவைப்பட்டது பதில்.

இப்போது 14416க்கு அழைத்தால் டெலி மனஸில் தமிழில் பேசலாம். ஆனால் எட்டுப் பேர் படுக்கிற அறையில் போனை எடுத்துக்கொண்டு எங்கே போவது? மொட்டை மாடிக் கதவை இரவு பூட்டிவிடுகிறார்கள்.

மாணவி மாத அறிக்கையில் 'லைன்' என்ற கட்டத்தை இப்போதெல்லாம் காலியாக விடுகிறாள். இரண்டு முறை கேட்டிருக்கிறார்கள். அவளுடைய ஒப்பந்தம் பதினோரு மாதம், மார்ச்சில் முடிகிறது.