பாதாம் மணமும் அப்பாவின் அளவும்

சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க. மதுவைப் பரிந்துரைப்பது இதன் நோக்கம் அன்று. ஆய்வேட்டை ஒப்படைத்த நண்பர் ஒருவருக்காகச் செய்த சிறு வேலை என்னை எங்கு கொண்டு சேர்த்தது என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

கடந்த சனிக்கிழமை மாலை, புனேயின் ஔந்த் பகுதியில் நாங்கள் மூன்று ஆய்வு மாணவியர் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறையில், வாழ்வில் முதன்முறையாக ஒரு மதுக்கலவையைத் தயாரித்தேன். வெளியே ஓயாத மழை. மேசைமீது இரு புட்டிகள். ஒன்று, நண்பரின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த போர்பன் விஸ்கி. மற்றொன்று, அமரெட்டோ என்னும் இத்தாலியப் பாதாம் மது. இரண்டையும் சமன்படக் கலந்து தரவேண்டும் என்பது நண்பரின் வேண்டுகோள். "நீ வேதியியலாளர். இதைவிடக் கடினமானவற்றைக் கலந்திருக்கிறாய்" என்றார்.

ஐந்தாண்டுகளில் எந்த விருந்திலும் கோப்பையைத் தொடாதவள் நான் என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும். ஆயினும் கேட்டார். மறுக்க முடியாத ஒரு கடன் எனக்கு இருந்தது.

என் தந்தையார் சிவகாசியில் அச்சகத் தொழிலாளி. தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை. மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டுவார் என்று அச்சகத்தில் பெயர். வேலை முடிந்ததும் டாஸ்மாக் கடை. கையில் காசு குறைந்த நாள்களில் முன்பின் தெரியாத ஒருவரோடு கட்டிங் போட்டுக்கொள்வார். காசிருந்தால் முழுக் குவார்ட்டர். நெகிழிக் குவளையில் ஊற்றி, தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கலந்து, நாவில் படாமல் ஒரே மடக்கில் விழுங்குவார். ஒருமுறை கடைக்கு வெளியே நின்று அதைக் கண்டேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்லீரல் கெட்டு, 2022 அக்டோபரில் இறந்தார்.

காரியம் முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய நாளில் எவரும் என்னிடம் என்ன பேசுவது என்று அறியாது விலகி நின்றனர். இந்த நண்பர் மட்டும், "பென்சால்டிஹைடு பழசாகிவிட்டது, தூய்மைப்படுத்த வேண்டும், வா" என்று அழைத்தார். காற்று பட்டால் அது மெல்ல பென்சாயிக் அமிலமாக மாறிவிடும். சோடியம் கார்பனேட்டுக் கரைசலால் கழுவி, உலர்த்தி, குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுக்க வேண்டும். அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் பேசாமல் அதைச் செய்தோம். துளித்துளியாக வடிந்ததில் பாதாம் மணம். அழுகை வரவில்லை, கை நடுங்காமல் இருந்தது. அதுவே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

அமரெட்டோவின் மூடியைத் திறந்ததும் எழுந்தது அதே மணம். வியப்பில்லை, அது அதே மூலக்கூறுதான். அமரெட்டோ என்றால் இத்தாலியத்தில் 'சிறு கசப்பு' என்று பொருள். பெயரளவில் பாதாம் மதுவே ஒழிய, பலவற்றில் மணம் தருவது ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு. அதிலும் கசப்புப் பாதாமிலும் அமிக்டலின் என்னும் பொருள் உள்ளது. அது சிதைந்தால் சர்க்கரையும் பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிடைக்கும். இனிப்பும் மணமும் நஞ்சும் ஒரே மூலக்கூற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. நஞ்சை நீக்கி மணத்தை வைத்துக்கொள்வது தொழில்நுட்பம்.

கரிம வேதியியலின் வரலாற்றில் இந்த மணத்துக்குத் தனி இடம் உண்டு. 1832இல் பிரெடரிக் வோலரின் மனைவி இறந்தார். நண்பர் லீபிக் அவரைக் கீசென் நகருக்கு அழைத்துத் தம் ஆய்வகத்தில் உடன் வேலை செய்யவைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் கசப்புப் பாதாம் எண்ணெய். பல வினைகளிலும் உருக்குலையாமல் நிலைத்திருக்கும் அணுத்தொகுதி ஒன்றை, பென்சாயில் என்று, அவ்வாய்வில் இனங்கண்டனர். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த செய்தி இது. என் நண்பர் இதை அறிந்து என்னை அழைத்தாரா என்று நான் கேட்டதில்லை.

இனி கலவைக்கு வருகிறேன். ஸ்காட்ச் விஸ்கியும் அமரெட்டோவும் சம அளவில் சேர்ந்தால் 'காட்ஃபாதர்' என்பார்கள். பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கத்தின் முன்னைய குறிப்பில் இரண்டும் 35 மில்லியாக இருந்தன. அதே விகிதத்தில் போர்பனை வைத்துத் தொடங்கினேன். இருமல் மருந்துப் புட்டியின் அளவு மூடியே அளவைக் கருவி. (ஆய்வகக் கண்ணாடிக் கலங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதும் அவற்றில் அருந்துவதும் கூடாது, இளைய மாணவர்கள் கவனிக்க.) ஒரு கரண்டி சுவைத்தேன். திகட்டியது.

காரணம் போர்பனிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கரியாக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலத்தில் அது முதிர வேண்டும். தீயில் வெந்த மரம் வனிலின் முதலிய மணங்களைத் தருகிறது. நாவில் சர்க்கரை இல்லாதபோதும் மூக்கு அதை இனிப்பென்று நினைக்கிறது. ஸ்காட்சின் புகை அமரெட்டோவை எதிர்த்து நிற்கும். போர்பன் அதனோடு உறவாடிவிடும். (நம்மவர்க்கும் இது புதிதன்று. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறலைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன.)

இரண்டாம் முறை போர்பன் 45, அமரெட்டோ 20. திகட்டல் குறைந்தது, ஆனால் கலவை தட்டையாக இருந்தது. இனிப்பைக் குறைப்பதும் சமன்படுத்துவதும் வேறுவேறு என்பது அப்போதுதான் விளங்கியது. சமன்படுத்த ஓர் எதிர்ச்சுவை வேண்டும். எலுமிச்சைச் சாறு 10 மில்லி சேர்த்தேன். அதில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு சிட்ரிக் அமிலம். சரியாக வந்தது. எவர்சில்வர் டப்பாவில் பனிக்கட்டியிட்டுப் பன்னிரண்டு விநாடி குலுக்கி வடிகட்டினேன். உருகும் நீரும் செய்முறையின் ஒரு பகுதியே.

ஆனால் குளிரில் சரியாக இருந்தது அரைமணி நேரத்தில் மீண்டும் இனித்தது. 2005இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு நினைவுக்கு வந்தது: இனிப்பை உணர உதவும் டிஆர்பிஎம்5 என்னும் அயனித் தடம் வெப்பம் ஏறும்போது மிகுதியாக வேலை செய்கிறது. ஆகவே மெல்ல அருந்துபவருக்குத் தொடக்கத்தில் சற்றுப் புளிப்பாகவே கொடுக்க வேண்டும். அடுத்த கோப்பைக்குச் சாற்றை 12 மில்லியாக உயர்த்தினேன்.

நண்பர் ஒரு மிடறு அருந்திவிட்டுக் கண்ணை மூடினார். "சரியாக இருக்கிறது" என்றார். நானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் ஒரு கர்வம் எழுந்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாம் சுவைக்கிறோம், அவர் விழுங்கினார்; நம்மிடம் அளவு இருக்கிறது, அவரிடம் இல்லை. பழக்கத்தால் கணக்குப் போட்டேன். 45 விழுக்காட்டுப் போர்பன் 45 மில்லி, 28 விழுக்காட்டு அமரெட்டோ 20 மில்லி: ஏறத்தாழ 20 கிராம் எத்தனால். 42.8 விழுக்காட்டுக் குவார்ட்டர் 180 மில்லியில் ஏறத்தாழ 61 கிராம். மூன்று கோப்பை என்றால் அப்பாவின் அளவு. கல்லீரலுக்குப் பாதாம் மணம் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது சுவைத்து அருந்துபவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவருக்கு அளவு தெரியாது என்பதும் உண்மையன்று. மில்லிமீட்டர் பிசகாத கை அது. பத்து மணி நேரம் நின்று வேலை செய்தவருக்கு நாவில் வைத்து ஆராய நேரமும் இல்லை, உட்கார இடமும் இல்லை, ஊற்றித் தந்ததில் ஆராயத்தக்க சுவையும் இல்லை. இதனால் என் தாயார் பட்டது குறைந்துவிடாது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை ஒரு தனிமனிதரின் அளவின்மை என்று மட்டும் இனி என்னால் எழுத முடியாது.

அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட நினைவிலிருந்தே தொடங்குகிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. இறந்தவரை மதுவின் வழியாக நினைக்க எங்களுக்கு வாய்க்காது என்று எண்ணினேன்.

இரவு எட்டரைக்கு அம்மா அழைத்தார். வழக்கம்போல், "சாப்பிட்டியா பாப்பா?" என்றார். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேச்சில்லை. மழைச்சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"இனிப்பா இருந்துச்சா, கசப்பா இருந்துச்சா?"

"ரெண்டும் இருந்துச்சும்மா."

"உங்கப்பா ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல." சற்றுப் பொறுத்து, "இதோட நிறுத்திக்க" என்றார்.

சரி என்றேன். மீதமிருந்த புட்டிகளை நண்பரிடமே கொடுத்தனுப்பினேன். செய்முறையை மட்டும் குறிப்பேட்டில், தேதியிட்டு, அளவுகளோடு எழுதிவைத்திருக்கிறேன். இந்தப் பதிவை வெளியிடுமுன் அம்மாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். தாள் வெட்டுவதைப் பற்றிய வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.