காரின் மேனியும் கண்ணாடிப் பூச்சும்

வாகனம் வைத்திருப்போர் மத்தியில் அண்மைக் காலமாக ஒரு புதிய கவலை பரவி வருவதைக் காண்கிறேன். இயந்திரத்தைப் பற்றிய கவலையல்ல, டயரைப் பற்றியதுமல்ல. காரின் மேனியைப் பற்றிய கவலை. அதற்குக் காரணம் இல்லாமலுமில்லை. 2020 மார்ச்சில் நமது நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்கள் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குக் கைமாறியதை நாமெல்லோரும் கண்டோம். இப்பொழுது வருபவையோ பெரும் வரியைச் சுமந்துகொண்டு வருகின்றன. ஆகவே, கையிலிருப்பதை இன்னும் பத்து வருடமாவது பார்க்கும்படியாக வைத்திருக்க வேண்டுமென்று எல்லோரும் எண்ணுகிறார்கள். இந்த எண்ணத்தை நம்பித்தான் செரமிக் கோட்டிங், கிரஃபீன் கோட்டிங், டெஃப்லோன் என்றெல்லாம் விளம்பரப் பலகைகள் எழும்பியிருக்கின்றன.

எனது மச்சான் புடவை வியாபாரம் செய்பவர். வாரந்தோறும் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய் வருபவர். கடந்த வருடம் ஒரு கார் வாங்கினார். வாங்கிய கையோடு ஓரிடத்தில் விலை கேட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். எனது இரண்டு மாதச் சம்பளத்தை விடக் கூடிய தொகை அதிலிருந்தது.

"ஒரு தரம் போட்டா அஞ்சு வருஷத்துக்கு மெழுகும் தேவல்ல, பொலிஷும் தேவல்ல. கல்லுப் பட்டாலும் கீறாதாம் மச்சான். நீங்க என்ன சொல்றீங்க?"

பதினான்கு வருடமாக எனது காரை நானே கழுவி, நானே மெழுகிடுவதால் இந்த விடயத்தில் என்னிடம் யோசனை கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. பெயின்ட் என்பது என்னவென்று முதலில் விளங்கிக்கொள்ளுங்கள், பிறகு விலையைப் பேசலாம் என்றேன்.

இன்றைய கார்களில் இரும்பின் மேல் துருப்பிடிக்காத அடிப்பூச்சும், அதன்மேல் நிறமும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற ஒரு பூச்சும் இருக்கின்றன. இந்தக் கடைசிப் பூச்சையே கிளியர் கோட் என்கிறார்கள். பளபளப்பெல்லாம் இதனுடையதுதான். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் இதற்குள்தான் கலந்திருக்கிறது. எல்லாப் பூச்சுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் வரும். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளின் கனத்தை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரோன். அரைத் தாள்! அந்த அரைத் தாளைத்தான் நாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. (மிகப் பழைய வேன்கள் சிலவற்றில் இது கிடையாது. பொலிஷ் போடும்போது துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது அவ்வகையைச் சேர்ந்தது.)

இந்த அரைத் தாளுக்கு யார் எதிரி? வெயில் என்போம், உப்புக் காற்று என்போம். இரண்டும் உண்மைதான். எனினும் நான் பார்த்தவரையில் முதல் எதிரி நமது கைதான். காலையில் புறப்படுமுன் காய்ந்த துணியொன்றால் காரைத் தட்டித் துடைக்கிறோமே, அதை விடக் கெட்ட பழக்கம் வேறில்லை. கடற்கரை ஊர்களில் அந்தத் தூசு வெறும் தூசல்ல, மணல். துணியோடு மணலையும் சேர்த்துத் தேய்க்கிறோம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கறுப்புக் காரில் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டக் கீறல்கள் தெரிவது இதனால்தான். உடனே 'கட் அண்ட் பொலிஷ்' என்று ஓடுகிறோம். கட் என்றால் வெட்டுதல். கீறல் மறைய வேண்டுமானால் அதன் ஆழத்துக்குச் சுற்றிலுமுள்ள கிளியர் கோட்டை அரைத்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன்கள் போய்விடும். வருடா வருடம் பெருநாளைக்கென்று இதைச் செய்விப்பவர்களின் கார்களில்தான் கூரையும் பொனட்டும் வெயிலில் வெளிறி, மீன் செதிள் கழல்வதுபோல் உரியத் தொடங்குகின்றன. அப்படி உரிந்த பிறகு மெழுகும் உதவாது, செரமிக்கும் உதவாது. திரும்ப பெயின்ட் அடிப்பதொன்றே வழி.

இனி மச்சானின் தாளுக்கு வருவோம். செரமிக் என்பது சிலிக்கா சேர்ந்த ஒரு திரவம். பூசிக் காய்ந்ததும் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகிவிடும். நல்ல பொருள்தான், அதை மறுக்கவில்லை. தண்ணீர் நில்லாது உருண்டோடும், அழுக்கு இலேசாகக் கழன்றுவிடும், நன்றாகப் போட்டால் மெழுகை விடப் பல மடங்கு காலம் நிற்கும். ஆனால் அதன் கனம் ஓரிரு மைக்ரோன்தான். எதிரே போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் கல்லை அது எப்படித் தாங்கும்? '9எச் கடினம்' என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து வைரத்துக்கு அடுத்த கடினமென்று மச்சான் நினைத்திருந்தார். அது பென்சிலின் அளவு! நமது பிள்ளைகள் எழுதும் எச்பி பென்சில் இருக்கிறதே, அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சிலால் கீறினாலும் கீறாது என்பதே அதன் பொருள். மணல் பென்சிலை விடக் கடினமானது.

டெஃப்லோனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பொரிக்கும் சட்டியில் அதை ஒட்டவைக்க 300 பாகைக்கு மேல் சூடாக்குகிறார்கள். கார் கதவை அவ்வாறு சூடாக்க முடியுமா?

உத்தரவாதப் பத்திரத்தையும் வாசித்தோம். ஐந்து வருடம் என்பது பெரிய எழுத்தில். பறவை எச்சத்தால் வரும் கறை, தண்ணீர்க் கறை, கல் பட்ட காயம், கழுவியதால் வந்த கீறல் ஆகியவை சேராது என்பது சிறிய எழுத்தில். வருடந்தோறும் அங்கேயே கொண்டுபோய்க் காசு கட்டிப் பரிசோதிக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்பதும் அதே சிறிய எழுத்தில்.

"அப்ப ஒண்டும் செய்யத் தேவல்லையா?" என்று கேட்டார். அப்படியும் சொல்லவில்லை. வாரந்தோறும் நெடும்பாதையில் லொறிகளுக்குப் பின்னால் ஓடுகிறவருக்குக் கல் ஒரு மெய்யான பிரச்சினை. அதற்கு மருந்து பி.பி.எப். என்கிற படலம். 150 முதல் 200 மைக்ரோன் கனமுள்ள பொலியூரித்தேன் அது. அதாவது காரின் முழுப் பெயின்ட்டை விடவும் தடித்தது. கல் பட்டால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். கார் முழுவதற்கும் ஒட்டினால் சொத்தே போய்விடும். முன் பம்பருக்கும் பொனட்டுக்கும் மட்டும் ஒட்டும்படி சொன்னேன். அவ்வாறே செய்தார். இது வீட்டில் செய்யக்கூடிய வேலையல்ல, கைதேர்ந்தவரிடமே கொடுக்க வேண்டும். மற்றப் பகுதிகளுக்கு வாளியும் துணியும் மெழுகும் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். சுபஹுக்குப் பின் வெயில் ஏறுமுன், பொனட் ஆறியிருக்கும்போது தொடங்க வேண்டும். முதலில் வெறுந் தண்ணீரை ஊற்றி மணலைப் போகவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். சட்டி கழுவும் சவர்க்காரமும் உடுப்புத் தூளும் வேண்டாம், அவை மெழுகைக் கரைத்துவிடும். கூரையிலிருந்து கீழே இறங்கி வரவேண்டும். சில்லுகளுக்குத் தனித் துணி. நிலத்தில் விழுந்த துணியைத் திரும்ப அலசினாலும் அன்றைக்குக் காரில் வைப்பதில்லை. இது என் மகன்மாருக்கு நான் போட்ட சட்டம்! கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புள்ள ஊர்களில் உடனே மைக்ரோபைபர் துணியால் ஒற்றியெடுக்காவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிந்துவிடும். செரமிக் போட்ட காருக்கும் இதே கதிதான்.

காகத்தின் எச்சம் நாளைவரை காத்திருக்காது. அதிலுள்ள அமிலம் ஒரு நாள் வெயிலிலேயே பெயின்ட்டைத் தின்று குழியாக்கிவிடும். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துணியும் எனது காரில் எப்போதுமுண்டு. துணியை நனைத்து எச்சத்தின்மேல் சிறிது நேரம் போட்டு வைத்தால் தேய்க்காமலே இளகிவிடும்.

எங்களைப்போல் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு வேலை செய்வது பளபளப்பில் அல்ல, கல் பட்டுத் தெறித்த பொட்டுகளில். சிறிய போத்தலில் கிடைக்கும் டச்சப் பெயின்ட்டைப் பல்குச்சி நுனியால் அந்தப் பொட்டில் வைத்துவிட்டால் துரு அங்கே குடியேறாது. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டால் துரு உள்ளிருந்து புறப்பட்டுக் கொப்புளமாகப் பெயின்ட்டைத் தூக்கும். வெளியே எத்தனை இலட்சத்துக்குக் கோட்டிங் போட்டாலும் அதை அறியாது.

மெழுகு போடும் தவணையைக் கலண்டரில் பார்ப்பதில்லை. கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக நில்லாமல் தட்டையாகப் பரந்தால் மெழுகு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நமது வெயிலில் கூரைக்கும் பொனட்டுக்கும் இரண்டு மாதத்துக்கொரு தடவை தேவைப்படுகிறது, கதவுகள் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். நான் பாவிப்பது கர்னோபா மெழுகு, பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. மெல்லியதாகப் பூச வேண்டும், அள்ளிப் பூசினால் துடைத்தெடுப்பதற்குள் கை கழன்றுவிடும். ஒரு டப்பா எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. இப்போதிருப்பதன் அடியில் இன்னும் விரற்கடை அளவு மிச்சம். நோன்புப் பெருநாளுக்கு முன் ஒரு தடவைக்குக் காணும்.